பிளஸ் 1-ல் எந்த குரூப்? 15 வயசுல எடுக்குற முடிவை அப்புறம் மாத்த முடியுமா? | விளக்கம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "மார்க் எவ்வளவு?" அடுத்த கேள்வி "என்ன குரூப் எடுக்கப் போற?" முதல் கேள்வியை ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் அப்படி இல்லை. எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், எந்த நுழைவுத் தேர்வை எழுதலாம் என்பதையெல்லாம் அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

15 வயதில் ஒரு மாணவருக்குப் பாடங்களைத் தேர்வு செய்யும் சுதந்திரம் எவ்வளவு இருக்க வேண்டும்? "படிக்கப் போறது அவங்கதானே, அவங்களே முடிவு பண்ணட்டும்" என்கிறது ஒரு தரப்பு. "அந்த வயசுல என்ன தெரியும்? ஃப்ரெண்டு எடுத்தான்னு அவனும் எடுப்பான்" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. முடிவு தவறாகிவிட்டால், திரும்பி வர வழி இருக்கிறதா?

பிளஸ் 1-ல் மாணவர் எதைத் தேர்வு செய்கிறார்?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தேர்வு என்ற பேச்சே கிட்டத்தட்ட கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என எல்லோருக்கும் அதே ஐந்து பாடங்கள்தான். பிளஸ் 1-க்கு வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இரண்டு மொழிப்பாடங்கள் போக நான்கு பாடங்களை எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க முடியாது. கல்யாண வீட்டில் கொடுக்கும் தாம்பூலப் பை மாதிரி, உள்ளே என்ன போட்டுக் கட்டியிருக்கிறார்களோ அதுதான் கிடைக்கும். முக்கியமான பைகள் இவை:

* பயோ-மேத்ஸ்: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்
* கம்ப்யூட்டர் சயின்ஸ்: கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல்
* ப்யூர் சயின்ஸ்: இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்
* காமர்ஸ்: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல். இவற்றோடு பள்ளியைப் பொறுத்து வரலாறு, வணிகக் கணிதம், கணினிப் பயன்பாடுகள் போன்றவற்றில் ஒன்று
* ஆர்ட்ஸ்: வரலாறு, புவியியல், பொருளியல் போன்ற பாடங்கள்
* தொழிற்கல்வி: வேளாண் அறிவியல், நர்சிங், இயந்திரவியல், அலுவலக மேலாண்மை போன்ற பிரிவுகள்

ஒரு மாணவிக்கு உயிரியலும் பொருளியலும் பிடிக்கும். இன்னொரு மாணவனுக்கு கணிதமும் வரலாறும் நன்றாக வரும். இந்த இருவருக்கும் ஏற்ற பை நம்ம ஊர் பள்ளிகளில் கிட்டத்தட்ட கிடையாது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் 2 முறை அறிமுகமானது. அதற்குப் பிறகு எத்தனையோ மாறியிருக்கிறது. 1200 மதிப்பெண் 600 ஆனது, புத்தகங்கள் புதிதாக எழுதப்பட்டன. பாடங்களை மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த முடிவை உண்மையில் எடுப்பது யார்?

"பசங்களுக்கு சாய்ஸ் கொடுக்கலாமா?" என்று கேட்பதற்கு முன்னால், இப்போது அந்த சாய்ஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று பேர் கையில்.

முதல் ஆள், மார்க். பல பள்ளிகளில் எழுதப்படாத ஒரு வரிசை இருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு பயோ-மேத்ஸ், அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கடுத்து காமர்ஸ், மிச்சம் இருப்பவர்களுக்கு தொழிற்கல்வி. இதில் ஒரு விநோதம் உண்டு. வரிசை போடுவது ஐந்து பாடங்களின் மொத்த மதிப்பெண்ணை வைத்து. கணிதத்தில் 95 வாங்கி மொழிப்பாடத்தில் சறுக்கிய பையனுக்கு மேத்ஸ் குரூப் கிடைக்காமல் போகலாம். தமிழிலும் சமூக அறிவியலிலும் அள்ளிய பெண்ணிடம் "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஆர்ட்ஸா எடுக்கப் போற?" என்று கேட்டு பயோ-மேத்ஸில் உட்கார வைப்பார்கள். இருவருக்கும் நடப்பது ஒரே தவறுதான்.

இரண்டாவது ஆள், பக்கத்துப் பள்ளி. எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்த குரூப்தான் நடக்கும். நகரத்தில் இருப்பவர் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்வார். கிராமத்தில் அடுத்த மேல்நிலைப் பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால், "இருக்கிற குரூப்பை எடுத்துக்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூன்றாவது ஆள், வீடு. அப்பா அம்மாவின் ஆசை, அண்ணன் படித்த படிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அட்வைஸ், கட்ட முடிகிற ஃபீஸ் எல்லாம் இதில் சேரும்.

இந்த மூவரும் பேசி முடித்த பிறகுதான் மாணவரின் முறை வருகிறது. ஆகவே "15 வயசுல முடிவெடுக்கும் பக்குவம் இருக்கா?" என்ற கேள்வியே பல பிள்ளைகளின் விஷயத்தில் எழுவதில்லை. அவர்கள் முடிவெடுக்கும் இடத்துக்கே வருவதில்லை.

2019-ல் நடந்தது நினைவிருக்கா?

பாடச் சுமையைக் குறைத்து, மாணவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு தருவதாகச் சொல்லி ஒரு மாற்றத்தை 2019-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நான்கு முதன்மைப் பாடங்களுக்குப் பதில் மூன்றை மட்டும் எடுக்கலாம். மொத்தம் 600-க்குப் பதில் 500 மதிப்பெண். இன்ஜினியரிங் போக நினைப்பவருக்கு கணிதம், இயற்பியல், வேதியியல். மருத்துவம் போக நினைப்பவருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல். பழைய நான்கு பாட முறையும் கூடவே இருக்கும் என்றார்கள். 2020-21 கல்வியாண்டில் தொடங்க வேண்டிய திட்டம் இது. 2020-லேயே கைவிடப்பட்டது, பழைய முறையே தொடர்ந்தது.

பார்ப்பதற்கு இது கூடுதல் சுதந்திரம்தான். பிடிக்காத ஒரு பாடத்தை விட்டுவிடலாம், படிக்க நேரம் மிஞ்சும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் சிக்கல் புரியும். பயோ-மேத்ஸ் எடுத்தவருக்கு மருத்துவம், இன்ஜினியரிங் இரண்டு வழியும் இரண்டு வருஷத்துக்குத் திறந்தே இருக்கும். உயிரியலையோ கணிதத்தையோ பிளஸ் 1 தொடக்கத்திலேயே விட்டவருக்கு ஒரு வழி அன்றைக்கே மூடிவிடும். 15 வயதில் கிடைக்கும் ஒரு சுதந்திரத்துக்காக 17 வயதில் இருக்க வேண்டிய ஒரு சுதந்திரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதனால் அந்தத் திட்டத்தின் நோக்கமே தவறு என்று சொல்லிவிட முடியாது. திரும்பி வரும் வழியை ஏற்பாடு செய்யாமல் தேர்வை மட்டும் கூட்டினால் அது வேறு மாதிரியான பூட்டாகிவிடும் என்பதுதான் அதில் கிடைக்கும் பாடம்.

எந்தக் கதவு எங்கே மூடுகிறது?

மருத்துவம்: தமிழ்நாட்டில் 2017 முதல் எம்பிபிஎஸ் சேர்க்கை நீட் அடிப்படையில்தான். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம் படித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியல் கிடையாது.

இன்ஜினியரிங்: தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ப்யூர் சயின்ஸ் எடுத்தவருக்கு கணிதமே இல்லை என்பதால் இந்த வரிசையில் இடமில்லை. தொழிற்கல்வி மாணவர்களுக்கு மட்டும் தனிப் பிரிவு உண்டு. 2021-ல் ஏஐசிடிஇ 14 பாடங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதில் ஏதாவது மூன்று இருந்தாலே பொறியியல் படிப்பில் சேரலாம் என்று விதியைத் தளர்த்தப் பார்த்தது. "மேத்ஸ் இல்லாம இன்ஜினியரிங்கா?" என்று பெரிய சர்ச்சை ஆனது. நம்ம கலந்தாய்வின் கட்-ஆஃப் கணக்கு மாறவில்லை.

இதற்கு நேர்மாறாக, எந்த குரூப் படித்தாலும் மூடாத கதவுகளும் நிறைய உண்டு. ஐந்து வருட சட்டப் படிப்பு, சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு, பல பி.ஏ. படிப்புகள், ஃபேஷன் டிசைன், ஹோட்டல் மேனேஜ்மென்ட். யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளுக்கு பிளஸ் 2-வில் என்ன குரூப் என்று யாரும் கேட்பதில்லை, டிகிரி இருந்தால் போதும்.

"ஃப்ரீயா விட்டா ஈஸியானதைத்தான் எடுப்பாங்க": இதில் உண்மை இருக்கா?

இருக்கிறது. ஆனால் பழியை மாணவர் மேல் மட்டும் போட முடியாது. இதற்கு நல்ல உதாரணம் சீனா.

சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 'காவ்காவ்'. அங்கும் பல பத்தாண்டுகளாக கலை, அறிவியல் என்று இரண்டு பைகள்தான். 2014-ல் ஷாங்காய் நகரிலும் ஜெஜியாங் மாகாணத்திலும் இதை உடைத்தார்கள். சீன மொழி, கணிதம், அந்நிய மொழி ஆகிய மூன்றும் கட்டாயம். மற்ற மூன்று பாடங்களை மாணவரே எடுத்துக்கொள்ளலாம். விளைவு, இயற்பியலை எடுப்பவர்கள் எண்ணிக்கை சரிந்தது. ஏனென்றால் விருப்பப் பாடங்களின் மதிப்பெண், அதே பாடத்தை எழுதும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரப்பட்டது. கெட்டிக்கார மாணவர்கள் கூட்டமாக இயற்பியல் எடுத்தால், அங்கே நடுத்தர மாணவருக்கு மதிப்பெண் அடிபடும். அதனால் அவர் வேறு பாடத்துக்கு ஓடினார். பிறகு மற்ற மாகாணங்களுக்கு இந்த முறை போனபோது, இயற்பியல் அல்லது வரலாறு இரண்டில் ஒன்று கட்டாயம் என்று திருத்தினார்கள்.

மாணவர்கள் அங்கே சோம்பேறித்தனத்தால் இயற்பியலை விடவில்லை. மதிப்பெண் விதியை நன்றாகப் புரிந்துகொண்டு கணக்குப் போட்டார்கள். நம்ம ஊரிலும் மொத்த மதிப்பெண் கூடும் என்பதற்காக மொழிப்பாடமாக ஃபிரெஞ்சு எடுக்கும் வழக்கம் தனியார் பள்ளிகளில் புதிதல்ல. விதி எப்படியோ அப்படித்தான் தேர்வும் இருக்கும். சுதந்திரம் கொடுக்கும் முன்னால் விதியைச் சரிசெய்ய வேண்டும்.

இங்கிலாந்து இன்னொரு உதாரணம். அங்கே 16 வயதுக்குப் பிறகு ஏ லெவலில் பெரும்பாலான மாணவர்கள் மூன்றே பாடங்கள்தான் எடுக்கிறார்கள். கணிதம் கட்டாயமில்லை. இது ரொம்பக் குறுகலாக இருக்கிறது என்று 2023-ல் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், கூடுதல் பாடங்களோடு 18 வயது வரை கணிதத்தைக் கட்டாயமாக்கும் திட்டத்தை அறிவித்தார். 2024-ல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. அதிக சுதந்திரம் இருக்கும் இடத்திலும் "இது அதிகமோ?" என்ற விவாதம் ஓயவில்லை.

திரும்பி வர வழி இருக்கா?

முன்பைவிட இப்போது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பலருக்கு அது தெரிவதில்லை.

1. நீட்: முன்பு பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டு ஆண்டும் உயிரியலைத் தொடர்ச்சியாகப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தளர்த்தியது. பிளஸ் 2 முடித்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றாலும் நீட் எழுதலாம்.

2. திறந்தநிலைப் பள்ளி: என்ஐஓஎஸ் நிறுவனத்தில் குறிப்பிட்ட பாடத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்து தேர்வு எழுதும் வசதி உண்டு. சேர நினைக்கும் படிப்பு இதை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

3. பாலிடெக்னிக்: பத்தாம் வகுப்பு முடித்து மூன்று வருட டிப்ளமோ படித்தவர், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் நேரடி இரண்டாம் ஆண்டு வாய்ப்பு உண்டு.

4. சிபிஎஸ்இ: பத்தாம் வகுப்புக் கணிதத்தை 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' என்று இரண்டாகப் பிரித்து 2020 பொதுத்தேர்விலிருந்து நடத்துகிறது. பேசிக் எழுதினால் பிளஸ் 1-ல் கணிதம் எடுக்க முடியாது என்பதுதான் முதலில் இருந்த விதி. பின்னர் அதைத் தளர்த்தினார்கள். 14, 15 வயதில் எடுத்த முடிவை வைத்து ஒருவரை மொத்தமாகத் தடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே நல்ல சான்று.

இந்த நான்கிலும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரு வருஷமாவது கூடுதலாகும், பணமும் ஆகும். வீட்டில் வசதி இருப்பவர் அந்த ஒரு வருஷத்தைத் தாங்குவார். பிளஸ் 2 முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அது முடியாது. தவறான குரூப் எடுப்பது இருவருக்கும் நடக்கலாம், ஆனால் அதற்கான விலையை முழுசாகக் கட்டுவது இரண்டாவது பிள்ளைதான்.

பிளஸ் 1 பொதுத்தேர்வு ரத்து: இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது

பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் 2 பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை என்று சொல்லிவிட்டது.

பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலை நியாயமானது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் 1 பாடங்களிலிருந்தும் கேள்விகள் வரும். ஆனால் இந்த மாற்றத்தில் இதுவரை அதிகம் பேசப்படாத ஒரு நல்லதும் இருக்கிறது. பிளஸ் 1 இப்போது பள்ளி அளவிலான தேர்வு. அந்த ஆண்டின் மதிப்பெண் யாருடைய எதிர்காலத்தையும் முடிவு செய்யப் போவதில்லை. அப்படியென்றால், முதல் பருவத்துக்குள் "இந்த குரூப் எனக்கு ஒத்துவரல" என்று சொல்லும் மாணவரை வேறு குரூப்புக்கு மாற்றுவதில் முன்பு இருந்த இடைஞ்சல் குறைகிறது. காலாண்டுத் தேர்வு வரை மாறலாம் என்று தெளிவாக ஒரு விதி வந்தால், விட்டுப்போன பாடங்களுக்கு இரண்டு மாதம் சிறப்பு வகுப்பு வைத்தால், பிளஸ் 1 ஒரு சோதித்துப் பார்க்கும் வருஷமாக மாறும். பொதுத்தேர்வு இருந்தபோது இப்படி யோசிப்பதே கஷ்டம்.

அப்போ, எவ்வளவு சுதந்திரம் சரி?

எல்லாப் பாடத்தையும் மாணவர் இஷ்டத்துக்கு விடுவது பதில் அல்ல. தாய்மொழி, ஆங்கிலம், அடிப்படைக் கணிதம் இவற்றைப் பள்ளிப் படிப்பு முடியும் வரை யாரும் முழுதாக விட்டுவிடக் கூடாது என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. வங்கிக் கடன் வட்டியைக் கணக்குப் போடவும், ஒரு செய்தியில் வரும் சதவீதத்தைப் புரிந்துகொள்ளவும் எல்லோருக்கும் கணிதம் வேண்டும். அதற்கு வகை நுண்கணிதம் வரை போக வேண்டியதில்லை. சிபிஎஸ்இ-ல் 2020-21 முதல் பிளஸ் 1-ல் 'அப்ளைடு மேத்ஸ்' என்ற தனிப் பாடம் இருப்பது இந்த யோசனையில்தான்.

மீதி இடங்களில் ஒரு பாடமாவது பைக்கு வெளியே இருந்து எடுக்க வழி வேண்டும். பயோ-மேத்ஸ் படிப்பவர் பொருளியலும், காமர்ஸ் படிப்பவர் கணினி அறிவியலும் படிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. கலை, அறிவியல் என்ற கறாரான பிரிவு வேண்டாம் என்று தேசிய கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, அதற்கு மொழி உட்பட வேறு பல காரணங்கள் உண்டு. இந்த ஒரு யோசனையை அந்தச் சண்டையோடு சேர்த்து மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஒரே பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் போட முடியாவிட்டால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாவது வேண்டும். ஆசிரியர் இல்லாத இடத்தில் சாய்ஸ் என்பது விண்ணப்பப் படிவத்தில் மட்டும்தான் இருக்கும்.

குரூப் எடுக்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

* மொத்த மார்க்கைப் பார்க்காமல், எந்தப் பாடத்தில் தொடர்ந்து நல்லா வருது என்று ஒன்பது, பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துப் பாருங்கள்.
* இந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புகளுக்குப் போக முடியாது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். "எதுக்கெல்லாம் போகலாம்" என்ற பட்டியலை எல்லோரும் சொல்வார்கள், இதை யாரும் சொல்வதில்லை.
* இன்னும் முடிவு தெரியவில்லை, கணிதமும் உயிரியலும் ஓரளவு சமாளிக்க முடியும் என்றால், இரண்டும் இருக்கும் குரூப் நேரம் வாங்கிக் கொடுக்கும். சமாளிக்க முடியாது என்றால் பெயருக்காக எடுக்க வேண்டாம்.
* சேரும் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை நாளைக்குள் குரூப் மாறலாம் என்று சேர்க்கையின்போதே கேளுங்கள்.
* 'நான் முதல்வன்' திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டுதல் அரசுப் பள்ளிகளில் கிடைக்கிறது. பிளஸ் 2-வில் கேட்பதைவிட பத்தாம் வகுப்பு முடித்ததும் கேட்பதில் பலன் அதிகம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை எடுத்த முடிவு தவறாகவும் போகலாம், நீங்கள் எடுத்துக் கொடுத்த முடிவும் தவறாகப் போகலாம். ஆகஸ்ட் மாதம் வந்து "எனக்கு இது வரலப்பா" என்று சொன்னால், திட்டுவதற்கு முன்னால் பள்ளிக்குப் போய் மாற முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் கேட்டால் இழப்பு இரண்டு மாதம். பிளஸ் 2 ரிசல்ட் வந்த பிறகு கேட்டால் இரண்டு வருஷம்.